காருக்குள் கமழும் வாசனை

பூவோடு சேர்ந்த நாரும் மணம் பெறும் என்பது நம் முன்னோர் கண்ட உண்மை. கருவாட்டோடு சேர்ந்த காரும் அவ்வாறே என்பது, மன்னாரிலிருந்து ஒரு பொட்டலம் கருவாட்டை டிக்கியில் வைத்துக்கொண்டு கொழும்புக்குத் திரும்பும் குடும்பங்கள் கண்ட உண்மை. மறுநாளே கடைக்குச் சென்று, வர்ணப் படம் போட்ட வாசனைப் போத்தல் ஒன்றை வாங்கிக் காரில் மாட்டிவிட்டு, "அப்பாடா, நாற்றம் தொலைந்தது" என்று ஆறுதலடைகிறோம். நாற்றம் தொலையவில்லை, அதன்மேல் இன்னொரு மணம் ஏறி உட்கார்ந்துகொண்டது, அவ்வளவே.

நாற்றம் என்னும் சொல் பழந்தமிழில் நறுமணத்தையும் குறித்தது. பின்னரே அது துர்நாற்றத்துக்கு மட்டும் உரியதாயிற்று. காரைப் பொறுத்தவரை அந்தப் பழைய பொருளை நாம் சற்று நினைவிற் கொள்வது நல்லது. ஏனெனில், காருக்குள் எழும் ஒவ்வொரு மணமும், நல்லதாயினும் தீயதாயினும், ஒரு செய்தியைக் கொண்டு வருகின்றது. செய்தியைக் கேட்டபின் தூதனை அனுப்பிவிடலாம். கேட்குமுன்னரே அவன் வாயைப் பொத்துவதுதான் தவறு.

அச்செய்திகள் எவை? பெற்றோல் மணம் தொடர்ந்து வீசுமாயின் எங்கோ குழாய் கசிகின்றது. பிளாஸ்ரிக் கருகும் மணம் வந்தால் மின்கம்பி சூடேறுகின்றது. தித்திப்பான, பாகு போன்ற மணம் வந்தால் எஞ்சினைக் குளிரவைக்கும் திரவம் ஒழுகுகின்றது என்று கொள்ளலாம். புகை மணம் உள்ளே வருவது இவை யாவற்றிலும் பொல்லாதது. எஞ்சின் புகையிலுள்ள காபனோரொட்சைட்டு என்னும் நச்சு வாயுவுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. அதனுடன் கலந்து வரும் ஏனைய புகையின் மணமே நமக்குக் கிடைக்கும் ஒரே எச்சரிக்கை. மல்லிகை வாசனையோ எலுமிச்சை வாசனையோ அந்த எச்சரிக்கையை மூடிவிட்டால், தலைவலியும் மயக்கமும் வந்த பின்னரே நாம் விழித்துக்கொள்ள நேரிடும். இத்தகைய மணங்கள் எழுந்தால் போகவேண்டிய இடம் வாசனைக் கடையன்று, கராச்.

துர்நாற்றம் உயிர் காக்கும் என்பதற்குச் சரித்திரத்திலேயே ஒரு சான்று உண்டு. 1937 ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், அமெரிக்காவின் ரெக்சாஸ் மாநிலத்தில் நியூ லண்டன் என்னும் ஊரிலிருந்த பாடசாலை ஒன்றில் மணமற்ற எரிவாயு கசிந்து வெடித்தது. ஏறத்தாழ 300 பேர் மாண்டனர், பெரும்பாலோர் பிள்ளைகள். அதன் பின்னரே எரிவாயுவுக்கு வேண்டுமென்றே துர்நாற்றம் சேர்க்கவேண்டுமென்ற சட்டங்கள் எழுந்தன. நம் சமையல் வாயுச் சிலிண்டரிலிருந்து வரும் அந்த அழுகல் மணமும் அவ்வாறு சேர்க்கப்பட்டதே. சிலிண்டரைக் காரில் ஏற்றி வருவோர் நம்மிடையே பலர். அவ்வேளையில் யன்னல்களைத் திறந்துவிடுங்கள்; வாசனைப் பொருளை அகற்றிவிடுங்கள்; உங்கள் மூக்கு தன் கடமையைச் செய்யட்டும்.

அபாயமற்ற, ஆனால் அருவருப்பான மணங்களுக்கு மருந்து துப்புரவே. இருக்கைகளின் இடுக்குகளிற் சிந்திய பாலும் பழச்சாறும், பிள்ளைகளின் விளையாட்டுச் சப்பாத்துகளும், மழையில் நனைந்து காயாத தரைவிரிப்பும்தான் வழக்கமான குற்றவாளிகள். விரிப்பைக் கழற்றி வெயிலிற் காயவிடுங்கள். டிக்கியில் மேலதிகச் சில்லு வைக்கும் குழியில் நீர் தேங்கியுள்ளதா என்று பாருங்கள். பலர் அங்கே பார்ப்பதேயில்லை. துணி இருக்கையில் அப்பச்சோடாவைத் தூவி, ஓரிரவு கிடக்கவிட்டு, மறுநாள் தூசு உறிஞ்சியால் எடுத்துவிட்டால் புளித்த மணம் பெருமளவு அடங்கும்.

குளிர்சாதனத்தைப் போட்டவுடன் ஈரச்சாக்கு மணம் வீசினால் அதன் உள்ளே பூஞ்சணம் பிடித்துள்ளது என்பது பொருள். பிரயாணம் முடிவதற்குச் சில நிமிடங்களுக்கு முன்னர் குளிரை நிறுத்தி, விசிறியை மட்டும் ஓடவிடுவது அந்த ஈரத்தை உலர்த்தும். உள்ளே வரும் காற்றை வடிகட்டும் தாள்வடி ஒன்று பெரும்பாலான கார்களில் உண்டு. ஆண்டுக்கு ஒரு முறையேனும் அதனை மாற்றுதல் வேண்டும். அழுக்கேறிய வடியை வைத்துக்கொண்டு வாசனைப் போத்தல் வாங்குவது, குளிக்காமல் அத்தர் பூசுவதற்கு ஒப்பாகும்.

மணத்தை மறைக்காமல் உறிஞ்சிக்கொள்ளும் பொருளும் உண்டு. அது நம் நாட்டுத் தென்னஞ்சிரட்டையிலிருந்தே செய்யப்பட்டு உலகெங்கும் ஏற்றுமதியாகின்றது. உயிர்ப்பூட்டிய கரி என்று அதனைச் சொல்வர். ஒரு கிராம் கரியிலுள்ள நுண்ணிய துளைகளின் பரப்பை விரித்தால் ஏறத்தாழ 1000 சதுர மீற்றர் வரும்! துணிப்பையில் இட்ட இக்கரியை இருக்கையின் கீழ் வைத்தால் அது ஓசையின்றித் தன் வேலையைச் செய்யும். அடுப்புக் கரிக்கு இத்தனை ஆற்றல் இல்லை.

இவ்வளவும் செய்த பின்னரும் காரில் ஓர் இனிய மணம் வேண்டுமென்று விரும்புவதிற் குற்றமில்லை. அவ்வாறாயின் எதனை வாங்குவது?

காரில் தொங்கும் அட்டை மரத்தைப் பார்த்திராதவர் இலர். 1952 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் வாட்டர்ரவுன் நகரில் ஜூலியஸ் சாமன் என்னும் இரசாயன அறிஞர் அதனை உருவாக்கினார். சிந்திய பாலின் புளிப்பு மணத்தைப் பற்றிப் பால் வண்டிச் சாரதி ஒருவர் முறையிட்டதே அதற்குத் தூண்டுதல் என்று சொல்லப்படுகின்றது. அந்த அட்டையின் உறையை ஒரேயடியாகக் கிழித்தெறிதல் கூடாது. வாரந்தோறும் சிறிது சிறிதாகவே அட்டையை வெளியே இழுக்கவேண்டும். நம்மிற் பலர் முதல் நாளிலேயே உறையைக் கழற்றி வீசிவிட்டு, தலையிடி என்று நெற்றியைப் பிடித்துக்கொள்கிறோம்! அட்டை மலிவானது, ஒழுகாது, வேண்டாதபோது உறையிலிட்டு மூடலாம். ஆயினும் பின்னோக்குக் கண்ணாடியில் அதனைத் தொங்கவிட்டுச் சாரதியின் பார்வையை மறைத்தல் தகாது.

கூழ் வடிவில் டப்பாவில் வருவது இருக்கையின் கீழ் வைப்பதற்கு ஏற்றது. ஆனால் சிறு குழந்தைகளின் கைக்கு எட்டலாகாது. காற்றுத்துளையில் மாட்டும் எண்ணெய்ப் போத்தல் அழகானதுதான். எனினும் அது ஒழுகினால் பிளாஸ்ரிக்கையும் வர்ணத்தையும் அரித்துக் கறையாக்கிவிடும். போத்தலை நிமிர்த்தியே மாட்டவேண்டும். எப்பொருளாயினும் காற்றுப்பை விரியும் இடத்தின்மேல் வைக்கலாகாது. விபத்து நேரும்போது பை விரியும் வேகத்தில் அச்சிறு போத்தல் முகத்தில் எறியப்பட்ட கல்லாகிவிடும்.

ஸ்பிறே டப்பாவைப் பற்றித் தனியே சொல்லவேண்டும். அதிலிருந்து வாசனையைத் தள்ளி வெளியேற்றுவது பெரும்பாலும் பியூட்டேன், புரொப்பேன் என்னும் வாயுக்கள். நம் சமையல் வாயுவும் அவையே. காற்றில் நூற்றுக்கு இரண்டு பங்கிலும் குறைவாகப் பியூட்டேன் கலந்தாலே அது தீப்பற்றக்கூடியது. காற்றைவிடக் கனமானதாகையால் இருக்கையின் கீழ் தங்கியும் நிற்கும். 2019 ஆம் ஆண்டு டிசெம்பரில் இங்கிலாந்தின் ஹலிபக்ஸ் நகரில் ஒருவர், மூடிய காருக்குள் ஸ்பிறேயை அளவுக்கு மீறி அடித்துவிட்டுச் சிகரெட் பற்றவைத்தார். கார் வெடித்தது, முன் கண்ணாடி பறந்தது, அயலிலிருந்த கட்டடங்களின் யன்னல்களும் சேதமுற்றன. சிறு காயங்களுடன் அவர் தப்பியது அவர் செய்த பாக்கியமே. ஆதலால் ஸ்பிறேயை உபயோகிப்பவர்கள் கதவுகளைத் திறந்து வைத்துக்கொண்டு சிறிதளவே அடித்து, காற்று நன்கு ஓடியபின் ஏறவேண்டும். அவ்வேளையில் நெருப்பு அண்டலாகாது.

டப்பாவைக் காரில் விட்டுச் செல்வதும் ஆபத்தே. 50 பாகை செல்சியஸுக்கு மேற்பட்ட வெப்பத்தில் வைக்காதீர் என்று அதன் மேலேயே அச்சிட்டிருக்கும். வெயிலில் மூடி நிறுத்திய காரின் வெப்பம் ஒரு மணித்தியாலத்தில் சராசரி 22 பாகை உயர்கின்றது என்றும், அதில் ஐந்தில் நான்கு பங்கு முதல் அரை மணித்தியாலத்துக்குள்ளேயே ஏறிவிடுகின்றது என்றும் 2005 ஆம் ஆண்டில் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டிற்று. யாழ்ப்பாணத்திலோ திருகோணமலையிலோ 32 பாகை வெயிலில் நிறுத்திய காருக்கு இக்கணக்கைப் பொருத்திப் பாருங்கள். 54 பாகை வருகின்றது. வெப்பம் ஏற ஏற ஏனைய வாசனைப் பொருள்களும் விரைந்து ஆவியாகும். நெடுநேரம் வெயிலில் நின்ற காரில் ஏறியவுடன், முதலில் யன்னல்களை எல்லாம் திறந்து அந்த ஆவியை வெளியேற்றுங்கள். குளிர்சாதனம் பிறகு வரட்டும்.

அடுத்து, குழந்தைகளின் விஷயம். தாய்மார் இதனைக் கவனித்து வாசிக்கவேண்டும்.

சிலர் செலவைச் சுருக்க நப்தலீன் உருண்டைகளைக் காரில் போட்டு வைக்கின்றனர். இது கூடவே கூடாது. ஜி-6-பி-டி என்னும் நொதியம் பிறவியிலேயே குறைந்த குழந்தைகளுக்கு நப்தலீன் ஆவி பட்டால் செங்குருதிக் கலங்கள் சிதைந்து, கடும் சோகையும் மஞ்சட்காமாலையும் உண்டாகலாம். மலேரியா பரவியிருந்த நாடுகளில் இக்குறைபாடு அதிகம். நம் நாட்டிலும் உண்டு. நோய் வெளிப்படும்வரை பெற்றோருக்கே தெரியாமலும் இருக்கலாம். கற்பூரக் கட்டியும் அவ்வாறே. கற்கண்டென்று எண்ணிக் குழந்தை விழுங்கிவிட்டால் சில நிமிடங்களிலேயே வலிப்பு வரக்கூடும். தாமதியாமல் வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லவேண்டும்.

தொய்வு நோயுள்ள பிள்ளைக்குக் கடும் வாசனை முட்டை வரவழைக்கும். வளைந்து நெளியும் மலைநாட்டுப் பாதையில் அதுவே வாந்திக்கும் காரணமாகும். பாடசாலை வான்களை நினைத்துப் பாருங்கள். பிள்ளைகள் பலர் நெருங்கி அமர்ந்திருக்கும் மூடிய வண்டியில் இரண்டு மூன்று வாசனைப் போத்தல்கள் தொங்குகின்றன. காலையில் ஊதுபத்தியும் புகைகின்றது. சாரதி ஐயா நல்லெண்ணத்துடன்தான் செய்கிறார். பிள்ளைகளோ பெரியவர்களிடம் சொல்லத் தயங்குவர். "வானில் ஏறினால் தலை சுற்றுகிறதா?" என்று நீங்களே பிள்ளையைக் கேட்டு, ஆமென்றால் சாரதியிடம் இனிமையாக எடுத்துச் சொல்லுங்கள். சொன்னால் மறுப்பவர் சிலரே.

"இயற்கை" என்று அச்சிட்ட சொல்லைக் கண்டு மயங்கவும் வேண்டாம். எலுமிச்சை, தோடை வாசனைகளுக்குக் காரணமான லிமொனீன் என்னும் பொருள் காற்றிலுள்ள ஓசோனுடன் சேரும்போது சிறிதளவு போமல்டிகைட்டு உண்டாகின்றது. சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2004 ஆம் ஆண்டில் அதனைப் புற்றுநோய் விளைவிக்கும் பொருள்களுடன் சேர்த்தது. அளவு மிகச் சிறிதாகையால் அஞ்சி நடுங்கவேண்டியதில்லை. ஆனால் உட்காற்றையே சுழலவிட்டுக்கொண்டு மணிக்கணக்காகப் பிரயாணஞ் செய்யாமல், இடையிடையே வெளிக்காற்றை உள்ளே விடுதல் அவசியம்.

எளிய வழியை விரும்புவோருக்கு நம் வீட்டிலேயே பொருளுண்டு. ஒரு துண்டு வெட்டிவேர், நாலைந்து கறுவாப்பட்டை, சில கராம்பு. இவற்றை மெல்லிய துணியில் முடிந்து ஒரு மூலையில் வைத்தால் மெல்லிய மணம் வீசும். மணம் மங்கினால் மாற்றிவிடலாம். எண்ணெயாக வாங்கித் துணியிலும் இருக்கையிலும் ஊற்றுதல் வேண்டாம். கறுவா எண்ணெய் தோலை எரிக்கும். ஊதுபத்தியை ஓடும் காரில் கொளுத்துதல் நெருப்புடன் விளையாடுவதேயாகும்.

எவ்வளவு வாசனை போதும் என்பதை உங்கள் மூக்கினாலேயே அளக்க முயலாதீர்கள். ஒரே மணத்தில் சில நிமிடங்கள் இருந்தால் மூக்கு பழகி அதனை உணராது விட்டுவிடும். வாசனை போய்விட்டதென்று எண்ணி நாம் இன்னொன்றை மாட்டுகிறோம். வெளியிலிருந்து புதிதாக வந்து ஏறுபவர் ஒருவரைக் கேளுங்கள். அவர் ஏறியவுடனே வாசனையைப் பற்றிப் பேசினால், அது அதிகம் என்றே கொள்ளவேண்டும்.

இன்றிரவு காரில் தொங்குவன, ஒட்டியன யாவற்றையும் கழற்றி வெளியே வைத்துவிடுங்கள். நாளைக் காலையில், எஞ்சினை முடுக்குமுன், கதவைத் திறந்து ஒரு தடவை மூச்சை உள்ளே இழுத்துப் பாருங்கள். ஒன்றும் மணக்கவில்லையாயின் நீங்கள் வாங்கவேண்டியது எதுவுமில்லை. ஏதேனும் மணந்தால், அது எங்கிருந்து வருகின்றதென்று முதலில் தேடுங்கள்.