குடியரசுத் தலைவர் தேர்தலில் புதுக்கோட்டையின் எடை 1,056

"குடியரசுத் தலைவரா? யார் வந்தால் என்ன, ரப்பர் ஸ்டாம்ப்தானே!" டீக்கடை முதல் கல்லூரி கேன்டீன் வரை கேட்கும் வசனம் இது. சொல்பவர்கள் ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

ஓட்டுப் போடுவது தேர்ந்தெடுக்கப்பட்ட எம்.பி.க்களும் எம்.எல்.ஏ.க்களும். மாநில மக்கள்தொகையை எம்.எல்.ஏ. எண்ணிக்கையால் வகுத்து, மறுபடி ஆயிரத்தால் வகுத்தால் ஒரு எம்.எல்.ஏ. ஓட்டின் மதிப்பு. தமிழ்நாட்டில் 176, உ.பி.யில் 208. கந்தர்வகோட்டை முதல் அறந்தாங்கி வரை புதுக்கோட்டை மாவட்டத்தின் ஆறு பேருக்கும் சேர்த்து 1,056.

இதில் மக்கள்தொகை என்பது இன்றையது அல்ல, 1971 கணக்கு! குடும்பக் கட்டுப்பாட்டில் ஜெயித்த மாநிலங்கள் தோற்கக் கூடாது என்று 1976இல் 42வது திருத்தம் அதை நிறுத்தி வைத்தது. 2001இல் 84வது திருத்தம் நீட்டித்தது. 2026க்குப் பிறகு எடுக்கும் முதல் கணக்கெடுப்பு வெளியாகும்வரைதான் அதற்கு ஆயுள்.

அப்புறம்? 2011 கணக்கை வைத்துப் பார்த்தால் தமிழ்நாட்டின் 176, 308 ஆகும். சந்தோஷப்பட வேண்டாம், உ.பி.யின் 208, 496 ஆகும். இன்று உ.பி.யின் மொத்த எடை தமிழ்நாட்டைப் போல இரண்டு மடங்கு. அப்போது ஏறக்குறைய இரண்டே முக்கால் மடங்கு. "நாம் இருவர், நமக்கு இருவர்" என்று அரசாங்கம் சொன்னதைக் கேட்டதற்குப் பரிசு இது!

"எல்லா மனிதருக்கும் ஒரே மதிப்பு வேண்டாமா?" என்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் குடியரசுத் தலைவர் மாநிலங்களின் ஒன்றியத்துக்குத் தலைவர். தலையை மட்டும் எண்ணுவதென்றால் அந்தத் தேர்தலில் சட்டமன்றங்களுக்கு என்ன வேலை? 2021இல் தமிழகச் சட்டமன்றம் நிறைவேற்றிய நீட் விலக்கு மசோதா ஒப்புதலுக்குப் போனது அவரிடம்தான். கிடைத்தது நிராகரிப்பு.

அமைச்சரவை சொல்வதைத்தான் அவர் கேட்க வேண்டும் என்பது உண்மை. ஆனாலும் ஒரு முறை திருப்பி அனுப்பலாம். 1997இல் உ.பி.யில் குடியரசுத் தலைவர் ஆட்சி கேட்ட பரிந்துரையை கே.ஆர்.நாராயணன் திருப்பி அனுப்பினார், மத்திய அரசு கைவிட்டது. 2006இல் ஆதாயப் பதவி மசோதாவைத் திருப்பி அனுப்பியவர் பக்கத்து ராமேஸ்வரத்துக்காரர் அப்துல் கலாம். ரப்பர் ஸ்டாம்ப் திருப்பி அனுப்புமா?

கணக்கு மாறினால் என்ன ஆகும் என்று புதுக்கோட்டைக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. 2008 மறுசீரமைப்பில் புதுக்கோட்டை மக்களவைத் தொகுதியே காணாமல் போனது. ஆறு சட்டமன்றத் தொகுதிகளும் திருச்சி, கரூர், சிவகங்கை, ராமநாதபுரம் என்று நாலு திசைக்குப் பிரிந்தன. போன பிறகு அழுது என்ன பயன்?

1971 கணக்கை நீட்டிக்கச் சொல்ல வேண்டிய நேரம் இதுதான். ஓட்டுக் கேட்டு வரும் ஆறு பேரிடமும் முதலில் இதைக் கேளுங்கள்.