அன்பு தணிகிறது, எழும்புங்கள்!



கடைசிக்காலத்தின் சீர்கேடு என்றதும் சினிமாவைச் சாடுகிறோம், செல்போனைச் சாடுகிறோம். வேதம் வேறு திசையைக் காட்டுகிறது. ரோமாபுரிச் சிறையிலிருந்து பவுல் எழுதிய தீமோத்தேயு இரண்டாம் நிருபம், 3ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். தற்பிரியர், பணப்பிரியர், நன்றியறியாதவர், அவதூறு செய்கிறவர் என்று நீளும் பட்டியல், பக்தி வேஷம் தரித்து அதன் பெலனை மறுதலிப்பவரோடு முடிகிறது. ஆலயத்துக்கு வராதவனுக்குப் பக்தி வேஷம் எதற்கு? அப்போஸ்தலன் சபைக்குள் இருப்பவரைத்தான் எச்சரிக்கிறார். அந்த எச்சரிப்பு நமக்கே!

தீமோத்தேயு ஊழியம் செய்த எபேசு என்ன ஆனது? வெளிப்படுத்தல் 2ஆம் அதிகாரம் சொல்கிறது. அந்தச் சபை உழைத்தது, பொறுமையாய்ச் சகித்தது, கள்ள அப்போஸ்தலரைச் சோதித்து அடையாளம் கண்டது. ஆனாலும் ஆதி அன்பை இழந்துவிட்டது. மனந்திரும்பாவிட்டால் விளக்குத்தண்டே அகற்றப்படும் என்று ஆண்டவர் எச்சரித்தார். அக்கிரமம் பெருகுவதால் அநேகருடைய அன்பு தணியும் என்று ஒலிவமலையில் அவர் முன்னறிவித்ததும் இதைத்தான்.

நம் சபைகளைப் பாருங்கள்! சாதிகளைப் பிரித்து நின்ற வடக்கன்குளம் ஆலயச் சுவர் 1910இல் இடிக்கப்பட்டது. இன்றும் கல்லறைத் தோட்டங்களில் சாதி பார்க்கிறோம். வரதட்சணைத் தடைச் சட்டம் 1961இல் வந்தது. ஆனாலும் பேரம் படிந்த பிறகே பல வீடுகளிலிருந்து திருமண ஓலை ஆலயத்துக்கு வருகிறது. சபைத் தேர்தலில் வாக்குக்குப் பணம் கைமாறுகிறது. பெற்ற தாய் முதியோர் இல்லத்தில் காத்திருக்க, மகன் காணிக்கைத் தட்டை ஏந்துகிறான். இதற்கெல்லாம் உலகத்தைக் குறை சொல்ல முடியுமா?

ஆண்டவரின் வருகைக்கு நாள் குறித்துப் பேசுகிறவர்களின் பின்னால் ஓடாதீர்கள். வில்லியம் மில்லரின் இயக்கத்தார் 1844 அக்டோபர் 22க்குக் காத்திருந்து ஏமாந்தார்கள். அந்த நாளையும் நாழிகையையும் பிதா ஒருவரே அறிவார். முடிவு சமீபம் என்று எழுதிய பேதுரு, தேதி கணக்கிடச் சொல்லவில்லை. தெளிந்த புத்தியோடு ஜெபிக்கவும், ஊக்கமாய் அன்புகூரவும், முறுமுறுக்காமல் உபசரிக்கவும் சொன்னார்.

ஆகவே தோழர்களே, இந்த வாரமே தொடங்குங்கள்! மணமாகாத வாலிபரே, வரதட்சணை வாங்க மாட்டேன் என்று பெற்றோரிடம் இன்றே சொல்லுங்கள். வாக்குக்கு நீட்டப்படும் பணத்தை மறுத்துவிடுங்கள். சாதியின் பெயரால் ஒதுக்கப்பட்டவரின் துக்க வீட்டுக்குப் போங்கள், அவர்கள் வீட்டுச் சவப்பெட்டியைத் தோளில் சுமந்து செல்லுங்கள். சக ஊழியனைப் பற்றிய அவதூறு உங்கள் போனுக்கு வந்தால் அதை அங்கேயே நிறுத்துங்கள். மூப்பர்களே, இந்த வாலிபருக்கு முன்மாதிரியாய் நில்லுங்கள்!

எபேசுவுக்குக் கொடுக்கப்பட்ட தவணை நமக்கும் உண்டு. எங்கே விழுந்தோம் என்று நினைப்போம், மனந்திரும்புவோம், ஆதியில் செய்த கிரியைகளை மறுபடியும் செய்வோம். வருகிறவர் நம்மை அன்புள்ள ஜனமாய்க் காணட்டும். எழும்புங்கள், இன்றே எழும்புங்கள்!