கல்யாண வீட்டில் பரீட்சை வேண்டாமே!

'என்ன டாக்டர், என்னைத் தெரியலையா?'

ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் கேட்டார். பார்த்த முகம்தான். ஆனால், யார்? ஊஹும்! கை கழுவும்போதுதான் பொறி தட்டியது. பதினைந்து வருஷமாக எனக்குச் சரக்கு கொடுக்கும் நாட்டு மருந்துக் கடைக்காரர்! பனியனும் தராசும் இல்லாமல், பட்டு வேட்டியில் பார்த்ததால் வந்த குழப்பம்.

இது ஞாபக மறதியா? இல்லை. 'தெரிந்த முகம்' என்பது முதல் படி. 'இன்னார்' என்பது இரண்டாவது படி. இந்த இரண்டாவதற்குப் பழகிய இடமும் உடையும் கைகொடுக்கின்றன. அவை மாறினால் யாருக்கும் தடுமாறும். கறிக்கடைக்காரரை பஸ்சில் பார்த்து, யாரென்று விழிப்பதை இதற்கு உதாரணமாகச் சொன்னார் உளவியல் அறிஞர் ஜார்ஜ் மேண்ட்லர், 1980-ல்.

நமக்கு இது சிரிப்பு. வயதானவர்களுக்கோ அவமானம்! என்னிடம் வந்த எழுபது வயதுப் பெரியவர் விசேஷ வீடுகளுக்குப் போவதையே நிறுத்தியிருந்தார். 'போற இடமெல்லாம் "நான் யாரு, சொல்லுங்க பார்ப்போம்"னு நிக்கவெச்சுக் கேக்குறாங்கய்யா' என்றார். 'அப்பாவுக்கு வல்லாரை லேகியம் குடுங்க' என்றார் மகன். நான் கொடுக்கவில்லை. கண் டாக்டரிடம் அனுப்பினேன். இரண்டு கண்ணிலும் புரை! வீட்டில் குரலையும் நடையையும் வைத்தே சமாளித்திருக்கிறார். மண்டபக் கூட்டத்தில் அது பலிக்குமா? ஆபரேஷனுக்குப் பிறகு பேத்தியின் சீமந்தத்துக்குத் தைரியமாகப் போய் வந்தார்.

பெரியவர்களைச் சந்தித்தால் புதிர் போடாதீர்கள். 'பெரியப்பா, நான் தென்காசி போஸ்ட்மாஸ்டர் மகன்' என்று நீங்களே முந்திக்கொள்ளுங்கள். ஊரையும் உறவையும் சொன்னால் போதும், மீதியை அவரே சொல்வார்!

அதற்காக அலட்சியமும் கூடாது. சொந்த வீட்டிலேயே, தினமும் பார்க்கும் மகளை 'யாரும்மா நீ?' என்று கேட்டால் நரம்பியல் டாக்டரிடம் காட்டுங்கள். திடீரென்று ஆள் தெரியாமல் போய், வாய் கோணுவது, கை தளர்வது, பேச்சு குழறுவது ஏதாவது சேர்ந்தால் பக்கவாதமாக இருக்கலாம். கஷாயம் தேடி நேரத்தை வீணாக்காமல் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சித்த வைத்தியன் நானே சொல்கிறேன்!

உங்களுக்கே ஆள் பிடிபடவில்லையா? 'முகம் தெரியுது, எங்கேன்னு பிடிபடலை' என்று சிரித்தபடி கேட்டுவிடுங்கள். அன்று பந்தியிலேயே நான் அப்படிக் கேட்டிருந்தால், பாயசத்தை ருசித்துச் சாப்பிட்டிருப்பேன்!