வழியோர உணவகங்கள்

நுழையும்முன்

விடுமுறையில் சொந்த ஊர் செல்லும் நெடும்பயணம் நம்மில் பலருக்கும் பழக்கமானதே. அப்பயணத்தில் எங்கே உண்பது? இவ்வினாவிற்குக் கட்டுரையாசிரியர் தம் கருத்தை விடையாகத் தருகிறார். அதனை நீங்கள் ஏற்கலாம், மறுக்கவும் செய்யலாம். எதுவாயினும் காரணம் கூறுதல் வேண்டும்.

தில்லியிலிருந்து மதுரைக்கு ஏறத்தாழ 2,600 கிலோமீட்டர். ஒரு கோடை விடுமுறையில் இத்தொலைவை மகிழுந்தில் நான்கு நாள்களில் கடப்பதென முடிவு செய்தோம். என் அன்னையார் புளியோதரையும், மிளகாய்ப்பொடி தடவிய இட்லியும் கட்டி எடுத்து வந்தார். இரண்டாம் நாள் இரவு, நாகபுரியை அடைந்தபோது, கட்டுச்சோறு தீர்ந்துபோயிற்று.

மறுநாள் காலையில் வண்டிக்குள் ஒரு வழக்கு எழுந்தது. எங்கள் தெருவிலேயே கிளை வைத்திருக்கும் பெரிய நிறுவனத்தின் உணவகத்தில்தான் உண்ண வேண்டும் என்றான் என் மகன். “முன்பின் அறியாத கடையில் உண்பதைவிடப் பழத்தைத் தின்று பசியாறலாம்” என்றார் என் அன்னையார். நான் இருவர் கருத்தையும் ஏற்கவில்லை. தெலங்கானா எல்லையைக் கடந்து, அதிலாபாத் பகுதியில் சரக்குந்துகள் நின்றிருந்த ஒரு சிறு உணவகத்தின் முன் வண்டியை நிறுத்தினேன்.

கூரை வேய்ந்த கொட்டகை, நான்கு கயிற்றுக் கட்டில்கள், ஓர் அடுப்பு. அடுப்பின் அருகே ஓர் அம்மையார் மாவைக் கையால் தட்டித் தட்டி ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தார். அவ்வோசையைக் கேட்ட என் அன்னையார் மெல்ல எழுந்து சென்று மாவைத் தொட்டுப் பார்த்தார். “இது சோளமல்லவா? இளமையில் எங்கள் கரிசல்காட்டில் இதைத்தானே சோறாக்கி உண்டோம்!” என்றார். அந்த அம்மையாரோ, “ஜொன்ன, ஜொன்ன” என்று தலையசைத்தார். தெலுங்கில் சோளத்திற்கு அதுவே பெயர்.

அதன்பின் அவ்விருவரின் உரையாடலுக்கும் மொழிபெயர்ப்பாளனாக அமைந்தவன் என் மகன்தான். கடைக்காரரின் இந்தியைத் தமிழில் அப்பத்தாவுக்கும், அப்பத்தாவின் தமிழை இந்தியில் கடைக்காரருக்கும் மாற்றி மாற்றிச் சொன்னான். பெரிய நிறுவனத்தின் உணவகத்தை அவன் மறந்தே போனான்.

அன்று என் உள்ளத்தில் உறுதிப்பட்ட கருத்து இதுதான்: நெடும்பயணம் செல்வோர் நாளில் ஒரு வேளையேனும் தனியார் நடத்தும் சிறு வழியோர உணவகத்தில் உண்ண வேண்டும். இதற்கு மூன்று காரணங்களைக் கூறுவேன்.

முதலாவது, உணவின் வழியாகவே நிலத்தை அறிய முடிகிறது. சீநகரிலிருந்து கன்னியாகுமரி வரை செல்லும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையே நம் நாட்டின் மிக நீளமான நெடுஞ்சாலை. தில்லிக்கு வடக்கே, அரியானாவின் மூர்த்தலில் வெண்ணெய் உருகும் கோதுமைப் பராத்தா கிடைக்கிறது. மொரேனாவில் எள்ளும் வெல்லமும் சேர்ந்த கசக் என்னும் இனிப்பு விற்கிறது. நாகபுரியில் அவலின்மீது காரமான கொண்டைக்கடலைக் குழம்பை ஊற்றித் தருகின்றனர். தெற்கே வரவரக் கோதுமை குறைந்து சோளம் வருகிறது. இராயலசீமையில் கேழ்வரகுக் களி, வேர்க்கடலைத் துவையலுடன் வருகிறது. திண்டுக்கல்லை அடைந்தால் சீரகச்சம்பா அரிசியின் மணம் நம்மை வரவேற்கிறது. மண்ணும் மழையும் மாறுவதற்கேற்பத் தட்டிலுள்ள உணவும் மாறுகிறது. எல்லா ஊரிலும் ஒரே உணவைத் தரும் கடையில் இதனைக் கற்க இயலாது.

தமிழர்க்கு இது புதிய செய்தியன்று. பத்துப்பாட்டுள் ஒன்றான பெரும்பாணாற்றுப்படை, பரிசில் பெறச் செல்லும் பாணன் வழியில் எங்கெங்கே என்னென்ன உணவு பெறுவான் என்று கூறுகிறது. ஆயர் தினைச்சோற்றைப் பாலுடன் தருவர். முல்லை நிலத்து உழவர் வரகுச்சோற்றை அவரைப் பருப்புடன் தருவர். மருத நிலத்தார் நெற்சோற்றைக் கோழிக்கறியுடன் தருவர். வழியை அடையாளம் காட்டும்போதே உணவையும் அடையாளம் காட்டிய மரபு நம்முடையது.

இரண்டாவது காரணம் நமக்கே உரியது. நாம் பிழைப்பிற்காகவும் பணிக்காகவும் வேற்றிடத்தில் குடியேறியவர்கள். வழியோர உணவகங்கள் பலவற்றின் வரலாறும் இடம்பெயர்ந்தோரின் வரலாறே. 1947ஆம் ஆண்டுப் பிரிவினையில் வீடும் நிலமும் இழந்து மேற்குப் பஞ்சாபிலிருந்து தில்லிக்கு வந்தவர்களுள் பலர், சமையலையே மூலதனமாகக் கொண்டு உணவகம் தொடங்கினர். தந்தூர் அடுப்பின் உணவு தலைநகரில் வேரூன்ற அவர்களின் உழைப்பே பெரிதும் உதவியது. நம் இட்லியும் தோசையும் வடபுலத்தில் பரவிய கதையும் இதனைப் போன்றதே. தமிழறியாத ஒருவர், பெயரறியாத ஓர் உணவைத் துணிந்து கேட்டு வாங்கி உண்டதால்தான் நம்மவர் கடைகள் அங்கே நிலைத்தன. அவர் நமக்குச் செய்ததை நாம் பிறர்க்குச் செய்ய வேண்டாமா?

மூன்றாவது, இக்கடைகளின் வாழ்வு நம் வண்டி நிற்பதைப் பொறுத்தது. நாங்கள் விடைபெறும்போது அக்கடைக்காரர், ஊருக்கு வெளியே புறவழிச்சாலை அமையவிருப்பதைக் கூறினார். அது வந்துவிட்டால் சரக்குந்துகள் இவ்வழியே வாரா. “சாலை நல்லதுதான், ஐயா. ஆனால் என் அடுப்பை எடுத்துக்கொண்டு நான் எங்கே போவேன்?” என்றார். மகன் அதனை மொழிபெயர்த்தபோது அவன் குரல் தாழ்ந்தது. நுழைவு கட்டுப்படுத்தப்பட்ட விரைவுச்சாலைகளில் குறித்த இடங்களில் மட்டுமே உணவகங்கள் உள்ளன. அவ்விடங்களைக் குத்தகைக்கு எடுக்கும் வலிமை இத்தகையவர்க்கு இல்லை. விரைவுச்சாலை வேண்டா என நான் கூறவில்லை. அங்கும் சிறு கடைகளுக்குச் சில இடங்களை ஒதுக்குதல் வேண்டும் என்றே கூறுகிறேன்.

மறுப்போர் கூறுவதிலும் உண்மை உண்டு. சிறு கடைகள் எல்லாம் தூய்மையானவை அல்ல. ஒருமுறை, வழியோரக் கடையொன்றில் நெடுநேரம் திறந்திருந்த சட்னியை உண்டு, நான் ஒரு நாள் முழுவதும் வயிற்று வலியால் துன்புற்றேன். பெரிய உணவகங்களில் தூய கழிப்பறை இருப்பது பெண்டிர்க்கும் முதியோர்க்கும் பேருதவி என்பதையும் மறுக்க இயலாது. ஆதலின் கண்ணை மூடிக்கொண்டு எக்கடையிலும் உண்க என்பது என் கருத்தன்று. கூட்டம் மிகுந்த கடையைத் தேர்ந்தெடுங்கள். அங்கே உணவு தேங்குவதில்லை. கண்ணெதிரே சமைத்துச் சூடாகத் தருவதை உண்ணுங்கள். நறுக்கி வைத்த பழங்களைத் தவிருங்கள். குடிநீரை உடன் கொண்டு செல்லுங்கள். உணவுப் பாதுகாப்பு ஆணையம் அளித்த 14 இலக்கப் பதிவு எண் கடையில் இருக்கிறதா எனப் பாருங்கள். இத்தனையும் பார்த்தபின் அஞ்ச வேண்டியதில்லை.

கட்டுச்சோற்றையும் கைவிட வேண்டா. அது நம் வீட்டின் அன்பு. ஆனால், கட்டுச்சோறு மட்டுமே உண்டு ஊர் சேர்ந்தால், வழியிலுள்ள மக்கள் நமக்கு அயலாராகவே இருந்துவிடுவர். அன்று புறப்படும் வேளையில், சூடான இரண்டு ரொட்டிகளைத் தாளில் பொதிந்து என் அன்னையாரின் கையில் கொடுத்தார் அந்த அம்மையார். அதற்குப் பணம் பெற மறுத்துவிட்டார். மாணவர்களே, அடுத்த முறை நீங்கள் ஊருக்குச் செல்லும்போது, ஒரு வேளை அத்தகைய கடையில் வண்டியை நிறுத்துமாறு பெற்றோரிடம் கேளுங்கள். கடைக்காரரின் மொழி உங்களுக்குத் தெரிந்திருந்தால், வீட்டுப் பெரியவர்களுக்கு அதனைத் தமிழில் எடுத்துச் சொல்லுங்கள்.

சொற்பொருள்

கட்டுச்சோறு – வழியில் உண்பதற்காகக் கட்டி எடுத்துச் செல்லும் உணவு
கரிசல் – கருமை நிற மண்
பரிசில் – கலைஞர்க்கு வள்ளல்கள் தரும் கொடை
புறவழிச்சாலை – ஊருக்குள் நுழையாமல் வெளியே செல்லும் சாலை

சிந்தித்து எழுதுக

1. ஆசிரியர் கூறும் மூன்று காரணங்களுள் உங்களுக்கு வலிமையானதாகத் தோன்றுவது எது? ஏன்?
2. “என் அடுப்பை எடுத்துக்கொண்டு நான் எங்கே போவேன்?” என்னும் வினாவிற்கு நீங்கள் கூறும் விடை யாது?
3. நீங்கள் வாழும் ஊரின் உணவு ஒன்றைப் பற்றித் தமிழ்நாட்டிலுள்ள உறவினர் ஒருவருக்குக் கடிதம் எழுதுக.