பொறுத்துப் போ என்று இனி சொல்லமாட்டேன்

கஷ்டப்பட்டால்தான் குணம் உறுதிப்படும் என்று சொல்லாத பெற்றோர் குறைவு. தூய்மைப் பணியாளராக இருந்து எங்களைப் படிக்கவைத்த என் அப்பாவும் சொன்னார். "நாலு பேர் நாலு சொல்லுவான், காதுல வாங்காத. பொறுத்துக்கிட்டுப் படி. பட்டாத்தான் பலம் வரும்." அவர் மீதான மரியாதை துளியும் குறையவில்லை. ஆனால் அதில் பாதியைத்தான் நான் என் மகளுக்குச் சொல்வேன்.

கணக்கில் தோற்பது சவால். மாதக் கடைசியில் காசில்லாமல் விடுதியில் ஓட்டுவதும் சவால்தான். இவற்றில் தடுமாறி எழும் பிள்ளைக்குத் திடம் வரும், மறுக்கவில்லை. உடன் படிப்பவன் சாதியைச் சொல்லி வேலை ஏவுவது சவால் அல்ல, குற்றம். இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டி 'வாழ்க்கைப் பாடம்' என்று பிள்ளையின் தலையில் ஏற்றுகிறோம். ஆதிக்கச் சாதி வீட்டுப் பிள்ளைக்கு இந்தப் பாடம் ஏன் தேவைப்படுவதில்லை? அவனுக்குக் குணம் வேண்டாமா?

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்பு தலித் மாணவர் ஒருவர், சக மாணவர்களின் தொல்லையைப் பள்ளியில் சொன்னார். வீடு புகுந்து வெட்டினார்கள். தங்கையையும் விடவில்லை. மறு ஆண்டு அவர் பொதுத்தேர்வில் 469 மதிப்பெண் எடுத்தபோது பலரும் அதைத் தன்னம்பிக்கைக் கதையாகவே பரப்பினார்கள். மதிப்பெண் அவருடைய உழைப்பு. அரிவாளுக்கு அதில் பங்கில்லை.

'சொல்லாமல் இருந்திருந்தால் வெட்டு விழுந்திருக்காதே' என்று என் அப்பா கேட்பார். அந்தப் பயம் பொய்யல்ல; அவருடைய அறிவுரையே அதிலிருந்து வந்ததுதான். அதனால்தான் புகார் சொல்லும் பிள்ளை தனியாக நிற்கக் கூடாது என்கிறேன். ரோஹித் வெமுலாவின் அம்மா ராதிகாவும் பாயல் தட்வியின் அம்மா அபேதாவும், உயர்கல்வி நிறுவனங்களில் சாதிப் பாகுபாட்டைத் தடுக்கக் கோரி 2019இல் சேர்ந்து உச்ச நீதிமன்றம் போனார்கள். மற்றப் பிள்ளைகளை மனதைக் கல்லாக்கிக்கொள்ளச் சொல்லி அவர்கள் போகவில்லை. நிறுவனங்கள் பதில் சொல்லட்டும் என்று போனார்கள்.

அம்பேத்கர் பொறுத்துத்தானே படித்தார் என்பார்கள். ஆமாம், சாத்தாரா பள்ளியில் கோணியில் உட்கார்ந்தார், பியூன் இல்லாத நேரத்தில் தாகத்தோடு இருந்தார். அதே மனிதர்தான் 1927 மார்ச் 20 அன்று ஆயிரக்கணக்கானோரைத் திரட்டிப் போய் மகாத் சவுதார் குளத்துத் தண்ணீரைக் குடித்தார். கதையின் முதல் பாதியோடு நிறுத்திக்கொள்வது நம் ஆட்களுக்கு வசதியாக இருக்கிறது.

மகளிடம் நான் சொல்லியிருப்பது இதுதான்: யார் சொன்னது, எந்த நாள், பக்கத்தில் யார் இருந்தார்கள், எல்லாவற்றையும் எழுதி வை. அன்றைக்கே வீட்டில் சொல். 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில், சாதியின் பேரில் இழிவுபடுத்தியதாக வழக்குப் போட, அது பிறர் பார்வையில் படும் இடத்தில் நடந்ததா என்று கேட்பார்கள். சாட்சி பெயர் அப்போது வேண்டும். புகாரை எழுதிக்கொண்டு நானும் அவளுடைய அம்மாவும் கூட வருவோம்.