குப்பையோடு போகும் இன்டர்வியூ கடிதம்

ஸ்பாம் மெயில் என்றாலே நமக்கெல்லாம் சிரிப்புதான். எங்கோ ஒரு இளவரசர் கோடி கோடியாய் அனுப்பக் காத்திருக்கிறார், வாங்காத லாட்டரிக்குப் பரிசு விழுந்திருக்கிறது, பத்தே நாளில் தொப்பை கரைகிறது... ஹாஸ்டலில் இதையெல்லாம் ராகம் போட்டுப் படிக்காதவர் யார்? ஆனால் நான் எழுத வந்தது, குப்பை என்று நினைத்து எறியப்படும் நல்ல கடிதத்தைப் பற்றி. மெயில் சர்வரில் ஸ்பாம் ஃபில்டர் அமைப்பவர், சந்தேகம் வந்த கடிதத்தைச் சொல்லாமல் கொள்ளாமல் அழிக்கக் கூடாது. அதற்கு அவருக்கு உரிமையே இல்லை என்பது என் கட்சி. டிப்ளமா முடித்துப் போகிற நம்மில் சில பேராவது நாளைக்கு ஏதோ ஒரு ஆபீஸில் அந்த நாற்காலியில் உட்காரப் போகிறோம். அதனால்தான் நம் மலரிலேயே எழுதுகிறேன்.

எங்கள் ஊர் மாரமங்கலம். ஏற்காட்டிலிருந்து இன்னும் மலைக்குள்ளே போக வேண்டும். காப்பிக்கும் மிளகுக்கும் குறைவில்லை, செல்போன் சிக்னலுக்குத்தான் பஞ்சம். ஒரு மேட்டில் கிடைக்கும், அடுத்த வளைவில் போய்விடும். அங்கிருந்து படித்து டிப்ளமா முடித்த அண்ணன் ஒருவர் ஒரு பயிற்சி நிலையத்தில் சேர்ந்திருந்தார். நிலையம் எல்லோருக்கும் ஒரு மெயில் ஐ.டி. கொடுத்திருந்தது. வேலைக்கு விண்ணப்பம் போட்டபோது அந்த ஐ.டி.யைத்தான் எழுதினார். சிக்னல் கிடைத்த போதெல்லாம் பார்த்தார். ஒன்றும் வரவில்லை. மூன்று வாரம் கழித்து அவரே போன் போட்டுக் கேட்டால், "அனுப்பினோமே, திரும்பி வரலையே, நீங்கதான் இன்டர்வியூவுக்கு வரலை" என்றார்களாம்.

பிறகு நிலையத்தில் சர்வரின் லாகைத் தேடிப் பார்த்தார்கள். ஒரே ஒரு வரி இருந்தது. மதிப்பெண் 6.3, அழிக்கப்பட்டது. அவ்வளவுதான். நகல் கிடையாது. இவருக்கும் தகவல் இல்லை, அனுப்பியவருக்கும் தகவல் இல்லை. நேரில் போய் விசாரித்திருக்கலாமே என்று சுலபமாகச் சொன்னவர்களும் உண்டு. சேலத்துக்கு இறங்க இருபது கொண்டை ஊசி வளைவு. போட்ட விண்ணப்பம் ஒவ்வொன்றுக்கும் ஏறி இறங்க முடியுமா, சொல்லுங்கள்!

அந்த 6.3 எங்கிருந்து வந்தது? ஸ்பாம் அசாசின் என்று ஒரு இலவச மென்பொருள் 2001லிருந்து இருக்கிறது. அதுவும் அதன் வழியில் வந்தவையும் இன்றைக்கும் எத்தனையோ சர்வர்களில் ஓடுகின்றன. நம் பாஷையில் சொன்னால் அது போடுவது இன்டர்னல் மார்க் மாதிரி. ஆனால் தலைகீழ். மார்க் கூடக் கூட ஃபெயில்! தலைப்பு முழுக்க ஆங்கிலப் பெரிய எழுத்தா, கொஞ்சம் மார்க். எழுத்து குறைவு, படம் பெரிசா, இன்னும் கொஞ்சம். அனுப்பிய சர்வரின் முகவரி கறுப்புப் பட்டியலில் இருக்கிறதா, நிறையவே மார்க். எல்லாம் கூட்டி 5 வந்தால் ஸ்பாம் என்று முத்திரை. அண்ணனுக்கு வந்த கடிதத்தில் கம்பெனியின் லோகோ பெரிய படமாக இருந்ததாம், தலைப்பு முழுக்கப் பெரிய எழுத்தாம். நம் கம்பெனிகள் பாதிப் பேர் அப்படித்தான் அனுப்புகிறார்கள்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஸ்பாம் அசாசின் எந்தக் கடிதத்தையும் அழிப்பதில்லை. மார்க் போட்டு, தலையில் ஒரு குறிப்பு எழுதிவிட்டு ஒதுங்கிவிடும். அந்தக் குறிப்பைப் பார்த்து ஜங்க் ஃபோல்டரில் போடுவதா, வாசலிலேயே மறுப்பதா, அழிப்பதா என்பது அதற்கு அடுத்து நிற்கும் மென்பொருளின் வேலை. அதற்கு உத்தரவு எழுதுவது ஒரு மனுஷர். "கம்ப்யூட்டர் தூக்கிப் போட்டுடுச்சு" என்று சொல்வதெல்லாம் சும்மா. ஒருவர் உட்கார்ந்து அந்த வரியை டைப் அடித்திருக்கிறார்.

நம்ம போஸ்ட்மேனை நினைத்துப் பாருங்கள். 2025 வரை இருந்த ரிஜிஸ்தர் தபால், வீட்டில் ஆள் இல்லையென்றால் அனுப்பியவருக்கே திரும்பிப் போனது. மெயிலுக்கும் இதே ஒழுங்கு இருக்கிறது. இரண்டு சர்வர்கள் பேசிக்கொள்ளும் எஸ்.எம்.டி.பி. முறையில், வாங்குகிற சர்வர் 250 என்று பதில் சொன்னால் கடிதத்துக்கான பொறுப்பை ஏற்றுக்கொண்டது என்று அர்த்தம். இனி சேர்க்க வேண்டும், முடியாவிட்டால் அனுப்பியவருக்குச் சொல்ல வேண்டும். 2008ல் வெளிவந்த ஆர்.எஃப்.சி. 5321லும் இது தெளிவாக இருக்கிறது. வேண்டாம் என்றால் பேச்சு முடிவதற்குள்ளேயே 550 என்று சொல்லி, காரணமும் சொல்லி மறுத்துவிடலாம். அப்போது அனுப்பியவருக்குத் தகவல் போய்விடும். அந்தக் கம்பெனிக்கு அப்படி ஒரு தகவல் போயிருந்தால், யாராவது ஒரு கிளார்க் அண்ணனுக்குப் போன் போட்டிருப்பார். 250 சொல்லி வாங்கிக்கொண்டு பின்பக்கமாய்க் குப்பையில் போடுவதுதான் அநியாயம். வாங்கிய பிறகு திருப்பி அனுப்பவும் கூடாது. ஸ்பாம் அனுப்புகிறவன் எவனும் சொந்த முகவரி போடமாட்டான், திரும்பும் கடிதம் பாவம் வேறு எவர் தலையிலோ போய் விழும்.

எதிர்க்கட்சி வாதத்தையும் கேட்டுவிடலாம். ஒரு சிஸ்டம் அட்மினிடம் இதைச் சொன்னேன். "தம்பி, எவனாவது ஒருத்தன் போலி பேங்க் மெயிலைத் திறந்து பாஸ்வேர்டைக் கொடுத்துட்டா, அடுத்த நாள் எம்.டி. என் சட்டையைத்தானே பிடிப்பார்? நல்ல லெட்டர் ஒண்ணு போனா யாருக்கும் தெரியாது" என்றார். நியாயமான பயம்தான், ஒப்புக்கொள்கிறேன். உலகத்தில் ஓடும் மெயிலில் ஏறக்குறைய பாதி குப்பை என்கிறார்கள். 1978 மே 3ந் தேதி டி.இ.சி. கம்பெனியின் கேரி துர்க் அர்ப்பாநெட்டில் சுமார் 400 பேருக்கு ஒரே விளம்பரத்தை அனுப்பி ஆரம்பித்து வைத்த புண்ணியம்! ஆனால் அவர் சொன்ன கடைசி வாக்கியத்தைத் திரும்பப் படியுங்கள். யாருக்கும் தெரியாது என்பதால் செய்யலாம் என்றாகிறது. நஷ்டம் மட்டும் மலையில் இருப்பவருக்கு. வைரஸ் கோப்பு ஒட்டி வந்தால் 550 சொல்லி மறுக்கட்டும், யார் வேண்டாம் என்றது?

அழிக்காமலே குப்பையைக் குறைக்க வழிகள் நிறைய. கிரேலிஸ்டிங் என்று 2003ல் இவான் ஹாரிஸ் ஒரு யோசனை சொன்னார். தெரியாத சர்வரிடம் "கொஞ்ச நேரம் கழித்து வா" என்று சொல்வது, அவ்வளவே. ஒழுங்கான சர்வர் திரும்ப வரும், லட்சக்கணக்கில் வாரி இறைப்பவன் பெரும்பாலும் வரமாட்டான். கடிதம் தாமதமாகும், ஓ.டி.பி. வருவதற்குள் அது காலாவதி ஆகிவிடலாம். ஆனாலும் தாமதம் வேறு, தொலைவது வேறு. அனுப்புகிறவர்களுக்கும் பொறுப்பு உண்டு. எஸ்.பி.எஃப்., டீகிம், டீமார்க் என்று மூன்று அடையாளச் சீட்டுகள் இருக்கின்றன. 2024 பிப்ரவரியிலிருந்து ஒரு நாளைக்கு 5000க்கு மேல் ஜிமெயிலுக்கு அனுப்புகிறவர்களுக்கு மூன்றும் கட்டாயம். சின்னக் கம்பெனிகளும் இதைச் செய்துவிட்டால் பாதித் தொல்லை தீரும்.

சந்தேகத்தின் பேரில் மொத்தமாக வெட்டினால் பெரியவர்களும் தப்ப முடியாது. 2018 செப்டம்பர் 24ந் தேதி, ஃபிஷிங் புகார்கள் வந்தன என்று சொல்லி, ஜோஹோ நிறுவனத்தின் டொமைன் பெயரையே அதைப் பதிவு செய்திருந்த அமெரிக்கக் கம்பெனி நிறுத்தி வைத்தது. எவனோ சிலர் செய்த வேலைக்கு, அங்கே கணக்கு வைத்திருந்த கோடிக்கணக்கானவர்களின் மெயிலும் ஆபீஸ் வேலையும் முடங்கின. ஸ்ரீதர் வேம்பு ட்விட்டரில் உதவி கேட்க வேண்டிய நிலைமை. அவருக்கு ட்விட்டர் இருந்தது, சில மணி நேரத்தில் டொமைன் திரும்ப வந்தது. எங்க ஊர் அண்ணனுக்கு என்ன இருந்தது?

அடுத்தது நம் தமிழ். ஸ்பாம் அசாசினில் மொழியைக் கண்டுபிடிக்கும் ஒரு பகுதி உண்டு. எந்த மொழிக் கடிதம் வரலாம் என்று பட்டியல் கொடுக்கலாம். அந்தப் பட்டியலில் தமிழுக்கும் இடம் இருக்கிறது. ஆனால் எங்கிருந்தோ ஒரு மாதிரியைக் காப்பியடித்து, ஆங்கிலம் மட்டும் போதும் என்று எழுதி வைத்தால், அப்பா தமிழில் எழுதும் கடிதத்துக்கும் மார்க் ஏறும். இன்னொரு பகுதி, நாம் காட்டிக் கொடுப்பதைப் பார்த்துக் கற்றுக்கொள்வது. இது ஸ்பாம், இது நல்லது என்று குறைந்தது 200, 200 கடிதங்கள் கொடுத்தால்தான் வேலையையே ஆரம்பிக்கும். ஆங்கிலக் கடிதங்களை மட்டும் கொடுத்தால் அதற்குத் தமிழில் எது நல்லது, எது கெட்டது என்று எப்படித் தெரியும்? கற்றுக்கொடுக்காத பாடத்தில் பேப்பர் திருத்தச் சொல்வது போல.

எங்கள் பக்கம் காப்பிப் பழம் பறித்ததும் தண்ணீரில் போடுவார்கள். நல்ல பழம் அடியில் போகும், சொத்தையும் பொக்கும் மிதக்கும். மிதப்பதை யாரும் ஓடையில் கொட்டுவதில்லை. தனியாக அள்ளிக் காயப்போடுவார்கள், குறைந்த விலைக்காவது போகும். அதிலும் நல்ல கொட்டை கிடக்கும் என்று எங்க அம்மாவுக்குத் தெரியும். அதே மாதிரி, மதிப்பெண் கூடிய கடிதங்களைத் தனி ஃபோல்டரில் 30 நாளாவது வைத்திருந்து, காலையில் ஒரு தடவை "உங்களுக்கு இத்தனை கடிதம் நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது" என்று பெயர்ப் பட்டியல் அனுப்பினால் போதும். ஹார்ட் டிஸ்க் விலையைச் சொல்லி யாரும் இதற்கு மறுப்புச் சொல்ல முடியாது.

நம் லேபில் ஒரு பழைய கம்ப்யூட்டரில் போஸ்ட்ஃபிக்ஸும் ஸ்பாம் அசாசினும் போட்டு, தமிழ்க் கடிதங்களைக் கொடுத்துப் பழக்கிப் பார்க்கலாம் என்று எண்ணம். குப்பைக்குப் பஞ்சமில்லை, என் இன்பாக்ஸே போதும். நல்ல தமிழ்க் கடிதம்தான் 200 வேண்டும். ஹாஸ்டல் சர்க்குலர், விழா அழைப்பு, பஸ் பாஸ் அறிவிப்பு எதுவானாலும் சரி. வீட்டுக் கடிதம், காதல் கடிதம் எல்லாம் வேண்டாம்ப்பா! உள்ளவர்கள் யூனியன் அறையில் பெயர் கொடுங்கள்.