தண்ணீர்ப் பந்தலில் நிற்போர் கடன்

ஆரோவில்லில் 2008-ஆம் ஆண்டு தொடங்கிய மராத்தன் ஓட்டத்தைப்பற்றி நம் கல்லூரி அன்பர் பலர் கேட்டிருப்பர். செம்மண் தடங்களின்வழியே, மரச்செறிவினூடே, 42 கிலோமீட்டருக்குச் சிறிது மிகையாக ஓடுவது அது. பிறரை முந்துதலினும் ஓடுதலின் இன்பமே அதன் நோக்கம் என்பர். வில்லியனூர், பாகூர்க் கொம்யூன்களிலிருந்து கல்லூரிக்கு வரும் மாணாக்கராகிய யாம் அறுவர், அதனையொத்த தடவோட்டமொன்றில் இடைவழித் தண்ணீர்ப் பந்தலில் தொண்டு செய்தோம்.

செல்லும்போது எம்மிடம் இறுமாப்பு மிகுதியாக இருந்தது. பந்தல் வைத்தல் எமக்குப் புதிதோ? ஆகஸ்டு 29-ஆம் நாட் கொடியேற்றத்தைக் காண வேளாங்கண்ணிக்குக் காவியுடுத்து நடந்து செல்வோர் பலர், பாகூர்க் கொம்யூனைச் சேர்ந்த கன்னியக்கோயில் வழியாகவே கடலூர்ச் சாலையிற் செல்கின்றனர். அவர்கட்கு நீர்மோர் வார்த்துப் பழகிய கைகள் எம்முடையவை. ஆதலின் ஓடி வந்தார் யாவர்க்கும் குவளை நிறைய நீர் நீட்டினோம். வேண்டா என்றாரையும் விட்டிலோம்.

வெயில் ஏறியபின், பிந்தி வந்தாருள் ஒருவர் தள்ளாடி வந்து அமர்ந்தார். குமட்டுகின்றது, தலை நோகின்றது என்றார். பேச்சும் சிறிது குழறிற்று. உடலில் நீர் வற்றிவிட்டதென்று யாமே துணிந்து, நான்காம் குவளையை நீட்டுகையில், ஆங்கு வந்த மருத்துவர் எம் கையைப் பற்றித் தடுத்தார். "இதற்குமுன் எவ்வளவு குடித்தார் என்று கேட்டீர்களா?" என்றார். கேட்டிலோம். ஒவ்வொரு பந்தலிலும் நின்று நின்று குடித்தே வந்தவர் அவர். மாலையில் அவர் நலமுற்றார் என்று அறியுமளவும் எமக்கு உணவு செல்லவில்லை.

நீர் மிகினும் கேடு என்பதனைப் பின்னரே கற்றோம். அளவிறந்து குடிப்பின் குருதியிலுள்ள சோடியம் என்னும் உப்பின் செறிவு குறையும், மூளை வீங்கும், உயிரும் போதல் உண்டு. அமெரிக்காவில் 2002-ஆம் ஆண்டுப் பாஸ்டன் மராத்தனில் ஓடிய 488 பேரின் குருதியை ஆராய்ந்தபோது, நூற்றுக்கு 13 பேரிடம் இக்குறை காணப்பட்டது. நான்கு மணி நேரத்திற்கு மேல் ஓடினோரிடத்தும், ஓடி முடித்தபோது எடை கூடியிருந்தோரிடத்தும் அது மிகுதி. நீர் வற்றினும் மிகினும் வெளித்தோன்றும் குறிகள் பெரிதும் ஒத்திருத்தலின், எம்போல்வார் கண்ணாற் கண்டு துணிதல் ஆகாது.

நம் முன்னோர் மோரில் உப்பிட்டனரே என்பார் உளர். நன்றே, ஆயினும் உப்பிட்டதனாலேயே வரம்பின்றிக் குடிக்கலாமென்பது பிழை. தாகத்தளவு குடித்தலே தக்கது. வெயிலின் கொடுமையை யாம் மறுக்கவில்லை. கேட்பவர்க்கு நீரை மறுத்தல் பெரும்பாவம். எம் வழக்கு வேறு. குவளையை நீட்டிய அக்கணமே, அறஞ்செய்தோம் என்னும் நிறைவு எமக்குக் கிடைத்துவிட்டது. எதிரில் நின்றவர்க்கு வேண்டுவது யாதெனக் கேட்க, அந்நிறைவு இடந்தரவில்லை. அன்று யாம் வார்த்ததிற் பாதி எமக்காகவே வார்த்தது.

இனித் தொண்டிற்குச் செல்லும் மாணாக்கர், முன்னாளில் ஒரு மணி நேரமேனும் மருத்துவர் ஒருவரிடம் பாடங் கேட்டுச் செல்லுதல் வேண்டும். குவளையைப் பாதியே நிரப்புக, "என்ன வேண்டும், ஐயா?" என்று முதலிற் கேட்க, பேச்சுக் குழறுவாரை உடனே மருத்துவரிடம் சேர்ப்பிக்க. சென்ற ஆவணியில் கன்னியக்கோயிற் சாலையிலும் யாம் இவ்வாறே செய்தோம். மோர் இரண்டு குடம் எஞ்சிவிட்டதென்று பந்தல் வைத்த பெரியவர் எம்மைக் கடிந்துகொண்டார்.